கேட்டால் குறையும் வலி

 

உங்கள் இல்லத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட மகனோ மகளோ இருந்து, அப்பிள்ளையின் பற்களுக்குக் 'கிளிப்' போட்டிருந்தால், அல்லது போடலாமா என்று நீங்கள் யோசித்துக் கொண்டிருந்தால், இக்கட்டுரையைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் குடும்பப் பெண். என் கணவர் இம்மலையில் கிடைக்கும் புளி, சாமை, தேன் ஆகியவற்றை வாங்கிச் சமவெளி ஊர்களுக்கு அனுப்பும் வணிகம் செய்து வருகிறார். என் மகளின் வாயில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் இருந்த ஒரு கம்பி எனக்குக் கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன். அப்பாடத்தை நான் தாமதமாகக் கற்றேன். நீங்கள் முன்னதாகவே அறிந்து கொள்ள வேண்டும் என்பதே என் அவா.

என் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தபோது, மேல்வரிசையின் முன்பற்கள் எடுப்பாக வெளியே நின்றன. கோரைப்பல் ஒன்று தெத்துப்பல்லாக மேலேறி இருந்தது. வாயை மூடினாலும் உதடுகள் முழுமையாகச் சேரவில்லை. கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்தி அடிக்கடி புண்ணாயிற்று. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குச் சென்றால், "இப்பொழுதே சரி செய்துவிடு, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று அவள் காது கேட்கவே கூறுவார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெண்பிள்ளையின் முகத்தைப் பற்றி நாம் எத்துணை எளிதாகப் பேசிவிடுகிறோம்!

கணவருக்கு ஓர் ஐயம் இருந்தது. அழகுக்காகவே பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக் கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் அல்லவா, இதுவும் அவ்வகையில் சேருமோ என்பதே அந்த ஐயம். எங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டார். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள், முதலில் வைத்த வெள்ளி மூக்கில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் மூக்கு அமைத்துக் கொள்ள நபியவர்கள் அனுமதித்ததை ஹஜ்ரத் எடுத்துரைத்தார். குறையையும் நோவையும் நீக்குவது வேறு, படைப்பில் குறையில்லாதபோது ஒப்பனைக்காக மாற்றிக் கொள்வது வேறு என்று விளக்கினார். மேலண்ணத்தில் புண் உண்டாக்கும் பற்களைச் சீர்செய்வது சிகிச்சையே என்ற தெளிவு எங்களுக்குப் பிறந்தது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விடியற்காலை பேருந்தில் காவலூர், ஆலங்காயம் வழியாக மலையிறங்கிச் சமவெளி நகரம் ஒன்றிலுள்ள பல் மருத்துவமனைக்குச் சென்றோம். ஒவ்வொரு பல்லிலும் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டி, அவற்றினூடே ஒரு மெல்லிய கம்பியைக் கோத்தார்கள். கண்ணாடியில் பார்த்து மகள் சிரித்தாள். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த ஒப்புக்கொண்டு வெளியே வந்தோம். "கடினமானவற்றைக் கடிக்கக் கூடாது, மாதந்தோறும் வரவேண்டும்" என்று மட்டும் சொன்னார்கள். வலியைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காவலூரை நெருங்கும்போது அவள் பேச்சைக் குறைத்தாள். பேருந்து ஒவ்வொரு வளைவிலும் குலுங்கும்போது தாடையைக் கையால் தாங்கிக் கொண்டாள். அவ்வூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்தப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கி 1986 முதல் விண்ணை ஆராய்ந்து வருகிறது. "அதோ பார்!" என்று அதன் வெண்ணிறக் குவிமாடத்தைக் காட்டினேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். எட்டாத விண்மீன்களைப் பார்க்கும் கருவியைக் காட்டிய நான், என் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். "பல்லெல்லாம் கூசுதம்மா, கடிக்க முடியவில்லை" என்றாள். "பல் நேராக வேண்டுமானால் பொறுத்துக் கொள்ளத்தான் வேண்டும், சபூர் செய்" என்றேன். மறுநாள் காலை கண்கள் வீங்கியிருந்தன. பள்ளியிலிருந்து மதிய உணவு அப்படியே திரும்பி வந்தது. "இத்தனை பணம் கொட்டிப் போட்டிருக்கிறோம், சாப்பிடாமல் அடம் பிடிக்கிறாயே" என்று கடிந்து கொண்டேன். அதன் பிறகு அவள் வலிக்கிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். ஆகவே வலி தீர்ந்தது என்று நான் எண்ணிக் கொண்டேன்.

சகோதரிகளே, பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் வலி இல்லை என்று பொருள் அன்று. சொல்லிப் பயனில்லை என்று அது முடிவு செய்துவிட்டது என்றும் பொருள் இருக்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இருமுறை கம்பி மாற்றி இறுக்கினார்கள். அவள் மெலிந்தாள். கொய்யாவையும் சீத்தாப்பழத்தையும் மரத்தடியிலேயே உண்டு வளர்ந்தவள், எதிலும் ஆசையற்றவளாய் இருந்தாள். சிரிக்கும்போது துப்பட்டாவால் வாயை மறைத்தாள். செப்டம்பரில் மீலாது வந்தது. மலையடிவாரத்தில் ஆண்டுதோறும் பெண்களுக்காக நடைபெறும் நிகழ்ச்சியில் கிராஅத் ஓதுவது என் மகளின் வழக்கம். அவளுடைய ஓதலைக் கேட்கவே என் மாமியார் அவ்வயதிலும் பேருந்தேறி வருவார். அவ்வாண்டு அவள், "நான் ஓதவில்லை" என்றாள். காரணம் கேட்டதற்கு, "படிக்க நிறைய இருக்கிறது" என்றாள். நானும் அதை நம்பினேன். ஹஜ்ரத்திடம் ஓதச் செல்வதற்கும் தலைவலி, வயிற்றுவலி என்று நாள்தோறும் ஒரு காரணம் கூறி வந்தாள்.

அடுத்த மாதம் ஒருநாள் மாலை, எங்களுக்கு வழக்கமாகத் தேன் கொண்டுவரும் மூதாட்டி வந்திருந்தார். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். கேரள நாட்டவர் என்று எண்ண வேண்டாம். இம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அப்பெயர் வழங்குகிறது. முந்திய நாள்தான் மகளுக்குக் கம்பியை இறுக்கியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளை அம்மூதாட்டி உற்றுப் பார்த்தார். அருகே சென்று கன்னத்தை மெல்லத் தொட்டு, "என்னா கண்ணு, வாயி நோவுதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். என் மகள் அவர் மடியில் முகம் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். நான்கு மாதத்து அழுகை அது. நான் தேன் அளக்கும் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி வாயிற்படியில் நின்றேன். பெற்ற தாய் கேட்காத கேள்வியை வேற்றார் ஒருவர் கேட்டுவிட்டார். நாணத்தால் என் தலை கவிழ்ந்தது.

அன்றிரவு அவளருகே படுத்துக் கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கம்பியின் முனை ஒன்று கன்னத்தின் உட்புறத்தைக் கீறிப் புண்ணாக்கியிருந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது என் உடல் சிலிர்த்தது. வகுப்பில் சிலர் அவளைக் 'கம்பிவேலி' என்று அழைக்கிறார்களாம். உணவுத் துணுக்கு கம்பியில் சிக்கியிருக்குமோ என்ற அச்சத்தால் யாருடனும் சேர்ந்து உண்பதில்லையாம். எல்லாவற்றிலும் பெரிய துயரம் வேறு. ஓதும்போது 'ஸீன்', 'ஸாத்' ஆகிய எழுத்துகளின் ஒலி கம்பியில் பட்டுச் சிதறுகிறது. உடன் ஓதும் பிள்ளைகள் ஒருநாள் சிரித்துவிட்டார்கள். "அல்லாஹ்வின் வேதத்தைத் தப்பாக ஓதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறதம்மா. அதனால்தான் போகவில்லை" என்றாள். நான் பல்வலி என்று எண்ணியிருந்தது அவளுடைய ஓதலையே விழுங்கிக் கொண்டிருந்தது.

அதன் பிறகே நான் விசாரிக்கத் தொடங்கினேன். என் சகோதரரின் மகள் பல் மருத்துவம் பயில்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்த அவள் விளக்கியவற்றை, எனக்குப் புரிந்த வகையில் உங்களுக்கும் கூறுகிறேன்.

பல் என்பது சுவரில் அடித்த ஆணியைப் போலத் தாடையெலும்பில் நேரடியாகப் பதிந்திருக்கவில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கனமுள்ள நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லை ஒருபுறமாகத் தள்ளும்போது அப்பக்கத்துத் திசு நசுங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைந்து அழற்சி உண்டாகிறது. அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்களே வலி நரம்புகளைத் தூண்டுகின்றன. அழுத்தம் விழும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இவ்வாறே பல் மாதத்திற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஆக, பிள்ளை கூறும் வலி செல்லமும் அன்று, அடமும் அன்று. எலும்பு கரைந்து எலும்பு வளரும்போது எழும் உண்மையான நோவு அது.

அந்த வலிக்கு ஒரு கால அட்டவணையும் உண்டு. கம்பி மாட்டிய அல்லது இறுக்கிய சில மணி நேரத்தில் அது தொடங்குகிறது. ஏறக்குறைய ஒருநாள் கழித்து உச்சத்தை அடைகிறது. பின்னர் மெல்லத் தணிந்து, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்திற்குள் நீங்கிவிடுகிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணக்கு விளங்கிற்று. திங்கட்கிழமை இறுக்கினால் செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடுவில், வலி உச்சத்தில் இருக்கும். நான்கு மாதங்களாக அவளை அந்நிலையில்தான் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன்! அன்று முதல் சனிக்கிழமையன்றே மருத்துவமனைக்குச் சென்றோம். உச்ச வலி ஞாயிற்றுக்கிழமை வீட்டில், என் கண்முன்னே கழிந்தது.

பற்களை உலோகத்தால் சீராக்கும் முயற்சி புதிதன்று. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலிலேயே, பற்களை நூலால் கட்டி நேராக்கும் உலோகப்பட்டை ஒன்றை விவரித்துள்ளார். அமெரிக்க நாட்டின் எட்வர்ட் ஆங்கிள் 1900இல் இத்துறைக்கென்றே ஒரு பள்ளியை நிறுவினார். 1970களில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி புழக்கத்திற்கு வந்தது. வளைத்தாலும் தன் பழைய வடிவத்திற்கே திரும்ப முயலும் அக்கம்பி, மென்மையான விசையை நெடுநாள் தொடர்ந்து தருகிறது. கருவிகள் இவ்வாறு மேம்பட்டபோதிலும், வலியை முற்றிலும் ஒழிக்க முடியவில்லை.

பிள்ளைகளின் துன்பத்தை அளந்தறியவும் அறிஞர்கள் முயன்றுள்ளனர். கனடாவின் டொராண்டோ நகரத்து ஆய்வாளர்கள் 2002இல், பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 37 வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். அது நான்கு பகுதிகளை உடையது: வாயில் உண்டாகும் நோவு, உண்பதிலும் பேசுவதிலும் உள்ள இடையூறு, மனநிலை, பிறருடன் பழகுவது. கவனியுங்கள், வலி அதில் நான்கில் ஒரு பகுதியே! என் மகளுக்கு நான்குமே இருந்தன. நான் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அவ்வினாத்தாள் பிள்ளையிடமே கேட்கப்படுவது. ஏனெனில் பெற்றோரின் ஊகமும் பிள்ளையின் அனுபவமும் எப்போதும் ஒத்துப் போவதில்லை.

என் உள்ளத்தைத் தொட்ட மற்றொரு செய்தியையும் அவள் கூறினாள். 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கம்பி மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்களில் ஒரு பிரிவினரைத் தொலைபேசியில் அழைத்து, வலியைச் சமாளிக்கும் முறைகளை எடுத்துக் கூறினார்கள். மற்றொரு பிரிவினரை அழைத்து, வந்து போனமைக்கு நன்றி மட்டும் கூறினார்கள். மூன்றாம் பிரிவினரை யாரும் அழைக்கவில்லை. அழைக்கப்பட்ட இரு பிரிவினரும், அழைக்கப்படாதவர்களைவிடக் குறைந்த வலியும் குறைந்த கலக்கமுமே இருப்பதாகத் தெரிவித்தனர். அறிவுரை கூறப்பட்டவர்களுக்கும் கூறப்படாதவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. தம்மை ஒருவர் நினைத்தார் என்பதே அவர்களுக்கு மருந்தாயிற்று.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். நாமும் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைகளுக்குச் செல்கிறோம். தூரத்து உறவினருக்குக் காய்ச்சல் என்றாலும் மலையிறங்கிச் சென்று பார்த்து வருகிறோம். நம் கூரையின்கீழ், நம் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பிள்ளையை நலம் விசாரிக்க மட்டும் மறந்துவிடுகிறோம். 'உன் நன்மைக்குத்தான்' என்ற ஒரு சொல்லால் அதன் வாயை அடைத்துவிடுகிறோம். பொறுமை உயர்ந்த பண்பே. ஆனால் வலியைத் தாங்குகிற பிள்ளை பொறுமையை மேற்கொள்வது வேறு. தாங்காத நாம் அதை ஏவுவது வேறு.

அதன் பின்னர் எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. கம்பி இறுக்கும் நாளிலும் அடுத்த இரு நாள்களிலும் சாமைக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, நன்கு பழுத்த வாழைப்பழம் ஆகியவற்றையே கொடுத்தேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தேன். கண்ட மாத்திரைகளை நாமே வாங்கிக் கொடுத்தல் கூடாது; சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது. கம்பி குத்தும் இடத்தில் ஒட்டிவைப்பதற்கென்றே ஒருவகை மெழுகு இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். அதைச் சிறு உருண்டையாக்கி முனையில் ஒட்டினால் புண் ஆறிவிடுகிறது. முனை நீண்டிருந்தால் மருத்துவரிடம் சென்று நறுக்கிக் கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிப்பதும் இதம் தந்தது. வலிக்கிறது என்று பல் துலக்காமல் விடுவது தவறு. கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்தால் பல்லில் வெண்புள்ளிகள் தோன்றிப் பின்னர் சொத்தையாகும். ஆகவே ஒவ்வொரு முறை உண்ட பின்னும் மென்மையான தூரிகையால் துலக்கச் செய்தேன்.

2024ஆம் ஆண்டு ரமளானில் நோன்பிருக்கும் பிள்ளைக்குப் பகலில் மாத்திரை கொடுக்க இயலாதே என்று கவலைப்பட்டேன். மருத்துவரிடம் கூறியபோது, அம்மாதத்து இறுக்கத்தை நோன்பு தொடங்குமுன்பே முடித்து, அடுத்ததைப் பெருநாளுக்குப் பின் வைத்துக் கொடுத்தார். இத்தனை எளிதாக இருக்கிறது, கேட்டுவிட்டால்! நோன்புக் கஞ்சியோ கம்பி போட்ட வாய்க்கென்றே காய்ச்சியதுபோல் இதமாக இறங்கிற்று. அம்மாதம் அவள் உடலும் சற்றுத் தேறியது.

ஹஜ்ரத்திடம் நானே சென்று நிலைமையை விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்று மகளிடம் வருத்தத்தோடு கூறினார். திக்கித் திக்கிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்ற நபிமொழியை எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துரைத்தார். நாள்தோறும் மற்றவர்கள் வருவதற்குமுன் கால்மணி நேரம் அவளைத் தனியே ஓதவைத்தார். நாக்கு கம்பிக்குப் பழகப் பழக எழுத்துகள் தத்தம் இடத்திற்குத் திரும்பின.

2024 செப்டம்பரில் மீலாது மீண்டும் வந்தது. கம்பி வாயில் இருக்கும்போதே, துப்பட்டாவால் வாயை மறைக்காமல், அவள் மேடையேறி ஓதினாள். ஓரிடத்தில் 'ஸாத்' சற்றுச் சிதறியது. அவள் நிறுத்தி, மீண்டும் அதே வசனத்தைத் திருத்தமாக ஓதிவிட்டுத் தொடர்ந்தாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த என் மாமியார் கண்களைத் துடைத்துக் கொண்டார்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கம்பியைக் கழற்றினார்கள். பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பிவிடாதிருக்க இரவில் அணியும் ஒரு தகடு கொடுத்திருக்கிறார்கள். பற்கள் நேராகிவிட்டன, அல்ஹம்து லில்லாஹ். உதடுகள் சேர்கின்றன, மேலண்ணத்துப் புண் ஆறிவிட்டது. உறவினர்கள் முகம் மாறிவிட்டது என்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றுவது வேறு. இப்போது அவளுக்கு எங்கேனும் வலித்தால் என்னிடம் வந்து சொல்கிறாள்.

எங்கள் மலையில் நகரத்து மருத்துவர் தொலைபேசியில் அழைத்தாலும் சில வேளை இணைப்புக் கிடைப்பதில்லை. ஆனால் தாயும் தந்தையும் அழைக்கத் தொலைபேசி எதற்கு? சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் வாயில் கம்பி இருந்தால், இன்றிரவு இஷா தொழுதபின் அருகில் அமருங்கள். எங்கே வலிக்கிறது, எதை உண்ண முடியவில்லை, மனம் எப்படி இருக்கிறது, யாரேனும் கேலி செய்கிறார்களா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். விடை வரும்வரை எழுந்துவிடாதீர்கள். தேன் கொண்டுவந்த அம்மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கேட்டதை நாமும் கேட்கலாம் அல்லவா?

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.